குளிர்ந்திருந்த ரேடியேட்டர்

அந்த இளம் சிப்பாய் தன் வலது உள்ளங்கையை ரேடியேட்டரின் முகத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

கொதிக்கும் என்ஜினுக்கு முன்னால் இருக்கிற ரேடியேட்டரில் எவரும் அப்படிக் கை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. திறந்த பொனெட்டிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. என்ஜினை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நிறுத்தினால் தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும் என்று அப்பா சற்று முன்புதான் சிங்களத்தில், மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். சிப்பாய் அது உண்மைதானா என்று பார்த்தார். அவ்வளவுதான்.

"ரேடியேட்டரெ சீதலய்னே," என்றார் அவர். ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறதே என்பது அதன் பொருள்.

எங்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. பின்னால் துப்பாக்கியுடன் நின்ற தோழரிடம் சொன்னார். குரலில் கோபமில்லை. கூட்டிப் பார்த்த கணக்கு விடையுடன் பொருந்தாததைக் கண்டவரின் குரல் அது.

ஏ ஒன்பது வீதியில், நாலந்தாவுக்குச் சற்று முன்னால் இருந்த சோதனைச்சாவடி. இரண்டே இருக்கைகள் கொண்ட அந்தக் காரில், இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டி வைப்பதற்கென்று விட்டிருந்த ஒடுக்கமான தட்டில், முழங்காலை மடக்கி நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தட்டில் அடங்குகிற வயது. அம்மா முன்னிருக்கையில், மடியில் தண்ணீர்ப் போத்தலுடன் இருந்தார்.

என்ஜின் கொதிக்கிறது என்று அப்பா சொல்கிறார். ரேடியேட்டர் குளிர்ந்திருக்கிறது என்று கை சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே அந்தத் தடை போடப்பட்டிருந்தது.

கோழிகள் குடியிருந்த வண்டி

இந்தத் தொடரில் அப்பாவின் ஆஸ்பத்திரியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற வழியில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே அவர் டிஸ்பென்சர்; மருந்து கொடுக்கிறவர், டாக்டர் அல்லர். தோட்டத்தில் எல்லோரும் அவரை டாக்டரய்யா என்பார்கள். அவர் அந்தப் பட்டத்தை ஏற்றதுமில்லை, மறுத்ததுமில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர், தம்முடைய இங்கிலாந்துக் காரை ஒரு கொட்டகையில் விட்டுச் சென்றிருந்தார். கார்ப் பந்தயத்துக்கென்று செய்ததைப் போலத் தாழ்ந்து நீண்ட வண்டி. கடும்பச்சை நிறம். அதன் துணிக் கூரையை எலிகள் தின்றிருந்தன. பின்னால் தோட்டத்தை நிர்வகிக்க வந்த துரைமார் ஜீப்பில் போனார்கள். காரின் இருக்கைகளில் கோழிகள் முட்டையிட்டு வந்தன.

கலியாணத்துக்கு முன்னரே அப்பா அதைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். கொட்டகை காலியானால் போதும் என்று அப்போதைய துரை கொடுத்துவிட்டார். அப்பா ஆடம்பரம் விரும்பியவர் அல்லர். உரத்துப் பேசமாட்டார், நோயாளி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருடைய உடைமைகளில் சத்தம் போட்டது அந்தக் கார் ஒன்றுதான். அவர் அதை ஏன் விரும்பினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

தொழிலாளர் லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையுடன் வீதியோரம் ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். "டாக்டரய்யா வாராரு. எறங்கி நடந்திருந்தா இன்னும் சுருக்கா வந்திருப்பாரு."

அது நியாயமான கருத்துத்தான். ஏற்றத்தில் அந்தக் கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஏறும்.

ஓடைத் தண்ணீர்

காரின் முதல் என்ஜின் இறந்ததை நான் பார்க்கவில்லை. அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று ஆள் வந்தது. ஏற்றத்தில் பாதி வழியில் கார் கொதித்து நின்றது. அவசரத்தில் அப்பா அருகே ஓடிய ஓடையில் தண்ணீர் மொண்டு அப்படியே ஊற்றினார். ரிவர்ஸ்டன் ஓடைகளில் கை வைத்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் குளிர் தெரியும். பொனெட்டுக்கு உள்ளே, சூடான கண்ணாடிக் கிளாஸ் விரிசல் விடும்போது கேட்கிற அதே ஓசை, ஆனால் கனத்த குரலில், ஒரே ஒரு முறை கேட்டதாம். என்ஜினின் வார்ப்பிரும்பு வெடித்துவிட்டது.

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா மிகுதி வழியை நடந்தே போனார். பிள்ளை பிழைத்தது. என்ஜின் பிழைக்கவில்லை. அதன் பிறகு, கொதிக்கிற இரும்புக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை அவர் எல்லோருக்கும் சொல்லி வந்தார். இரும்புச் சாமான் எதுவுமே இல்லாதவர்களுக்கும் சொன்னார்.

மாத்தளை நகரத்தில் கராஜ் வைத்திருந்த ஜவ்பர் நானாதான் மாற்று என்ஜினைத் தேடித் தந்தார். எங்கோ உடைத்துப் பிரித்த ஜப்பானிய வான் வண்டியின் என்ஜின். இங்கிலாந்துக் காரின் வயிற்றில் அது நேராகக் குந்த மறுத்தது. ஜவ்பர் நானா இரும்பை வெட்டினார், ஒட்டினார், தட்டினார். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வெள்ளக்கார ஒடம்புக்கு ஜப்பான் இருதயம் வச்சீக்கி, டொக்டர்."

"ஒத்துக்கொள்ளுமா, நானா?"

"ஒத்துக்கொள்ளும். காய்ச்சல் வந்தா நீங்க பாத்துக்கொங்க."

பொருத்துவதற்கு முன்னால், எல்லா வண்டிகளுக்கும் செய்கிறபடியே, அந்த என்ஜினின் தேர்மோஸ்டட்டை அவர் கழற்றிவிட்டிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வால்வு அது. என்ஜின் போதிய அளவு சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருக்கும். சூடேறியதும் தானாகத் திறக்கும். பனி பெய்கிற நாட்டுக்கு அது வேண்டும், நமக்கெதற்கு, நமக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதுதானே நல்லது என்பது ஜவ்பர் நானாவின் கொள்கை. மாத்தளையில் அதை மறுத்தவர் எவருமில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற அப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது.

நம்மை அவித்தல்

காய்ச்சல் வந்தது.

சமதரையில் ஓடும்போது முள் நடுவில் நிற்கும். ஏற்றத்திலும் நெரிசலிலும் முள் எழும். வண்டி நின்றால் சிவப்புக்குப் போகும். என்ஜினை நிறுத்தினால் பொங்கும்.

அதைக் குளிர்விப்பதற்குச் செய்யாத வைத்தியமில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி ஒன்று வந்தது. பிறகு ரேடியேட்டரே மாறியது. சிறிய லொறி ஒன்றினுடையதை வெட்டிச் சுருக்கிப் பொருத்தினார்கள். உள்ளே தேங்குகிற வெப்பம் வெளியேறட்டும் என்று பொனெட்டின் பின் விளிம்பை ரப்பர் துண்டு வைத்துத் தூக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார் புருவத்தை உயர்த்திக்கொண்டு வருவது போலிருக்கும்.

கடைசியாக ஹீட்டர். குளிர்தேசத்தில் செய்த கார் என்பதால், பயணிகளின் பாதங்களுக்குச் சூடான காற்று அனுப்பும் பெட்டியொன்று அதில் இருந்தது. என்ஜினின் கொதிநீரை அதன் வழியே திருப்பிவிட்டால், ரேடியேட்டர் செய்யத் தவறிய வேலையில் ஒரு பங்கை அது செய்யும் என்று அப்பா எண்ணினார். அது உண்மையும் ஆயிற்று. முள் சற்று இறங்கியது. விலையை நாங்கள் செலுத்தினோம்.

நாலந்தாவுக்கு அப்பால் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, இருந்தார். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவரைப் பார்க்கப் போவோம். மாத்தளையைத் தாண்டி வடக்கே இறங்க இறங்கக் காற்றில் ஈரம் குறையும், வெயில் வெளுக்கும். அந்த வெயிலில், ஹீட்டரை முழுவதும் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் பயணம் செய்தோம். அம்மா செருப்பைக் கழற்றிப் பாதங்களை இருக்கையின் மேலே தூக்கி வைத்துக்கொள்வார். முந்திச் செல்கிற பஸ்ஸின் யன்னல்களிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள், வேர்த்துச் சிவந்த மூன்று முகங்களைக் கண்டு இரங்கியிருப்பார்கள்.

"காரக் குளுர வைக்க நம்மள அவிக்கிறீங்க," என்று அம்மா சொன்னார். அப்போது அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

பாலை என்பது தனியொரு நிலமன்று, வெம்மையால் திரிந்த பிற நிலமே பாலை என்று பின்னாளில் பல்கலைக்கழக விரிவுரையில் கேட்டேன். எனக்கு அந்தக் காரின் முன்னிருக்கை நினைவுக்கு வந்தது. அதை நான் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை.

நிற்க முடியாத வண்டி, நிற்க வேண்டிய காலம்

அந்த ஆண்டுகளில் பயணம் என்பதே நிற்பதுதான். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, தடையை நடந்து கடந்து, மறுபக்கத்தில் மீண்டும் ஏறுவார்கள். சொந்த வாகனமானால் என்ஜினை நிறுத்த வேண்டும். பொனெட்டைத் திறக்க வேண்டும். இறங்கி எட்டி நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு அது தாமதம். எங்களுக்கு அது கொதிநிலை.

அப்பா தமக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். தடைக்கு முன்னால் வரும் இறக்கத்தில் கியரை விலக்கி, வண்டியைத் தன் பாரத்தில் உருளவிடுவார். வரிசை நீளமாயிருந்தால் தூரத்திலேயே மர நிழலில் நின்றுவிட்டு, குறைந்த பிறகு வருவார். சிப்பாய்களிடம் முதலில் வணக்கமும் பிறகு வண்டியின் நோய் வரலாறும் சொல்வார். கார் பார்க்கச் சிரிப்பாக இருந்தது அவருக்கு உதவியது. பெரும்பாலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அன்று நின்றவர்கள் புதியவர்கள். தெற்கே எங்கோ குண்டு வெடித்த வாரம் அது. அவர்கள் சிரிக்கவில்லை.

கொதிக்கும் காரில் குளிர்ந்த ரேடியேட்டர் இருந்தால், அது ரேடியேட்டராக இருக்க முடியாது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அவர்களுடைய தர்க்கத்தில் நான் இன்றும் பிழை காணவில்லை. லொறி ரேடியேட்டரை வெட்டி ஒட்டிய தழும்புகளும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்லின.

அப்பாவை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குள் அழைத்துப் போனார்கள். அம்மாவையும் என்னையும் வீதியோரத்து மாமரத்தின் கீழே நிற்கச் சொன்னார்கள். என்ஜினை நிறுத்தி, ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றினார்கள். துருநிறத் தண்ணீர் தாரில் ஓடியது. நீண்ட கம்பியொன்றை உள்ளே விட்டுக் குடைந்தார்கள். கம்பி தண்ணீரை மட்டுமே கொண்டுவந்தது. மறுபடியும் குடைந்தார்கள்.

அம்மா போத்தல் தண்ணீரை எனக்குக் குடிக்கத் தந்தார், தாம் குடிக்கவில்லை. கொட்டிலின் வாசலில் தொங்கிய சாக்குத்திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்கு அது அசையும்போதெல்லாம் அவருடைய விரல்கள் போத்தலை இறுக்கும்.

அப்பாவை அவர்கள் அடிக்கவில்லை. இதை எழுதிவைப்பது நேர்மை. ஆனால் மாமரத்தின் கீழே நின்றபோது அது எங்களுக்குத் தெரியாது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வெயில் சாயத் தொடங்கியபோது மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். என்ஜினைச் சற்று ஓடவிட்டு, பொனெட்டுக்குள் நெடுநேரம் பார்த்தார். அப்பாவைப் போகச் சொன்னார். கையால் தொட்டுப் பார்த்த அதே இளம் சிப்பாய், முகாமிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதை ஊற்றவில்லை. வெறுமையாய்க் கிடந்த என்ஜின் இன்னும் ஆறவில்லை என்றார். போகலாம் என்ற அனுமதி கிடைத்த பிறகும், அதே தடையில், அதே சிப்பாய்களுக்கு முன்னால், இரும்பு ஆறுவதற்காக நாங்கள் காத்து நின்றோம்.

அம்மாவுக்குப் பொறுக்க முடியாமற் போனது அந்தக் கடைசிக் காத்திருப்புத்தான் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் திரும்பினோம். மாத்தளை நெருங்கும்போது அப்பா, தமக்குத் தாமே சொல்வது போல் தொடங்கினார்.

"அது எப்படி ஸ்டெல்லா குளுந்து இருக்கும்? நானும் தொட்டுப் பாத்தேன். அவர் சொன்னது சரிதான்."

"உங்கள புடிச்சி உள்ள வச்சிருந்தாங்க," என்றார் அம்மா. "நீங்க ரேடியேட்டரப் பத்திப் பேசுறீங்க."

"கேளு. என்ஜின் கொதிக்குது, ஆனா..."

"நீங்க கேளுங்க. நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டணும். எடுக்கச் சொன்னா எடுத்துக்கிட்டுப் போகணும். அதுக்கு ஏலாத வண்டி இந்த நாட்டுல நமக்கு வேணாம். ஒண்ணு அதச் சரியாக்குங்க. இல்லாட்டி திரும்பவும் கோழிங்களுக்கே குடுத்துடுங்க. அதுவரைக்கும் நானும் ஏற மாட்டேன், புள்ளையும் ஏறாது."

கம்பியில் கோத்தவை

அம்மா சொன்னபடியே செய்தார். மறு ஞாயிறு பெரியம்மாவிடம் போக எங்களைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். தடையில் இறங்கி நடந்தோம். மாமரத்தின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அப்பா மருந்து எடுக்கவும் ஆஸ்பத்திரி வேலையாகவும் தனியாகக் காரில் போய்வந்தார். ஊருக்குள்ளும் தடைகள் இருந்தன. அவர் வரப் பிந்தினால் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, வளைவில் கேட்கிற என்ஜின் ஓசைக்குக் காது கொடுத்து நிற்பார். ஓசை கேட்டதும் உள்ளே போய்விடுவார். வந்தவரிடம் எதுவும் கேட்கமாட்டார். காரைக் கோழிகளிடம் கொடுப்பதென்று அப்பா முடிவுசெய்ய வேண்டிய நாள் தூரத்தில் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

அதற்கு முன்னால் அவர் ஜவ்பர் நானாவிடம் போனார். பாடசாலை விடுமுறையாதலால் நானும், இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில், அப்பாவின் தம்பி முறையான ஒருவரின் துணையுடன் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அம்மாவின் கட்டளை அவ்வளவு கண்டிப்பானது.

சிப்பாய் சொன்னதை அப்பா விவரித்தபோது ஜவ்பர் நானா சிரித்தார். ஆமிக்காரனெல்லாம் எப்போதிருந்து மெக்கானிக் ஆனான் என்று கேட்டார். ஆனாலும் என்ஜினை ஓடவிட்டார். முள் எழுந்தது. அப்பா புறங்கையை வைத்து, நோயாளியின் நெற்றியைத் தொடுகிற பழக்கத்தில், ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ரேடியேட்டருக்குப் போகிற தடித்த குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அது கொதித்திருக்க வேண்டும். என்ஜினின் பக்கவாட்டில் ஒரு குட்டைக் குழாய், என்ஜினில் தொடங்கி என்ஜினிலேயே முடிந்தது. அதைத் தொட்டதும் அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

ஜவ்பர் நானாவும் தொட்டார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, கைகளைத் துணியில் நெடுநேரம் துடைத்தார்.

"டொக்டர்," என்றார். "வழியத் தொறந்து உட்டது நாந்தான்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவாறு எழுதுகிறேன். இந்த ஜப்பானிய என்ஜினில் அந்தப் பித்தளை வால்வுக்கு இரண்டு வேலை. தலைப்பக்கம் ரேடியேட்டருக்கான வழியைத் திறக்கும்போது, அதன் கால்பக்கம் குட்டைக் குழாயின் வாயை அடைக்கும். வால்வைக் கழற்றிவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு நீண்ட வழி போவானேன்? பெரும்பகுதி குட்டைக் குழாய் வழியே என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். ரேடியேட்டர் தன் பாட்டில் குளிர்ந்து கிடக்கும். லொறி ரேடியேட்டரைப் பொருத்தினாலும் கப்பல் ரேடியேட்டரைப் பொருத்தினாலும் பலன் ஒன்றுதான்.

பழைய இங்கிலாந்து என்ஜினில் அப்படியொரு குட்டை வழி இல்லை. அதில் வால்வைக் கழற்றினால் நட்டமில்லை. அவர் தொழில் பழகிய வண்டிகள் யாவும் அந்த இனம். பல்லாண்டுகள் உண்மையாயிருந்த ஒன்று, என்ஜின் மாறிய அன்றே பொய்யாகிவிட்டது. அதை எவரும் அவருக்கு அறிவிக்கவில்லை.

கராஜின் பின்சுவரில் ஆணி அடித்து ஒரு கம்பி கட்டியிருந்தார். கருவாடு கோத்தாற்போல அதில் தேர்மோஸ்டட்டுகள் தொங்கின. பச்சை பூத்தவை, துரு ஏறியவை, ஒட்டடை பிடித்தவை.

"மாத்தளையில ஓடுற வண்டிக்கெல்லாம் இதுல ஒண்ணு ஈக்கி," என்றார் ஜவ்பர் நானா. "இன்னக்கி வர ஒருத்தரும் கேட்டு வரல்ல."

எது எங்களுடையது என்பது அவருக்கு நினைவில்லை. அளவில் பொருந்தியவற்றைக் கழற்றி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுக் கொடுத்தார். நல்லது எது, செத்தது எது என்பதை வெந்நீரில் இட்டுத்தான் அறிய வேண்டும் என்றார்.

பொங்குவதற்கு முன்

அப்பா அம்மாவிடம் ஒரு சட்டி கேட்டார். அம்மா தேநீர்ச் சட்டியைத் தர மறுத்துவிட்டு, அடியில் நெளிந்த பழைய அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தார். அப்பா வால்வுகளை நூலில் கட்டி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினார்.

இந்தச் சோதனைக்கு அவருடைய மருத்துவ வெப்பமானி உதவாது. மனிதர்கள் அவ்வளவு சூடாவதில்லை. எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியாமல் அவர் குனிந்தே நின்றார். ஆவி அவருடைய கண்ணாடியை மூடிக்கொண்டது.

அம்மா அந்தக் காரைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்றிருந்த காலம். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "பொங்க முந்தி சட்டியில ஒரு சத்தம் வரும். அப்பப் பாருங்க."

சத்தம் வந்தது. முதல் வால்வு அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. பின்னொன்று பாதி திறந்து இறுகிக்கொண்டது. அப்பா அவற்றை ஒரு பக்கமாக வைத்தார்.

தகரத்தில் மிஞ்சியிருந்த சிலவற்றில் ஒன்று, சட்டி இரையத் தொடங்கிய அதே வேளையில், தன் பித்தளை வட்டத்தை ஆசனத்திலிருந்து மெதுவாக உயர்த்தியது. அவசரமே இல்லாத அசைவு. தலை உயர, அதன் கால் கீழே இறங்கியது. வெளியே எடுத்ததும் இரண்டும் தம் இடத்துக்குத் திரும்பின.

அம்மா கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தார்.

"இன்னொருக்கா போடுங்க."

அப்பா போட்டார். அது மறுபடியும் திறந்தது.

"இது இல்லாமத்தான் இவ்வளவுமா?"

"இது இல்லாமத்தான்."

"அவங்க நிப்பாட்டச் சொல்ற எடத்துலயும் இது இப்படித் தொறக்குமா?"

அப்பா நூலைத் தூக்கி, வால்வு மூடிக்கொள்வதைப் பார்த்தார். எப்போது குணமாகும் என்று கேட்கிற நோயாளிகளுக்கும் அவர் அறுதியிட்டுச் சொல்வதில்லை. "தொறக்கணும்," என்றார்.

இரண்டு போத்தல்

ஜவ்பர் நானா அந்த வால்வைப் பொருத்தினார். கூலி பற்றிப் பேச மறுத்துவிட்டார். ஹீட்டருக்குப் போன குழாயையும் அடைத்துவிட்டார். முள் நடுவில் நின்றது. ஏற்றத்தில் சற்றே எழுந்து, மீண்டும் நடுவுக்கு வந்தது. ரேடியேட்டர் முதன்முறையாகக் கை வைக்க முடியாதபடி சுட்டது. அப்பா லயத்துக்கு வரும்போதெல்லாம் யாரையாவது கூப்பிட்டு, சூடு தெரிகிறதா, கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க என்று காட்டுவார். டாக்டரய்யாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அம்மா முள்ளை நம்பவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், அம்மா பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பாமல் காரின் அருகே வந்து நின்றார். கையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள். முன்னெல்லாம் ஒன்றுதான் கொண்டுவருவார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.  அந்தத் தட்டில் என் முழங்கால்கள் அதற்குள் சற்று இடைஞ்சலாகியிருந்தன.

நாலந்தாவுக்கு முன்னால் அதே இறக்கம். அப்பா வண்டியை உருளவிடவில்லை. கியரிலேயே போனார்.

தடையில் அதே இளம் சிப்பாய். எங்கள் காரை மறந்திருக்க முடியாது. கையைத் தாழ்த்தி, நிறுத்தச் சைகை காட்டினார். அப்பா சாவியைத் திருப்பினார்.

அந்த இடத்தில் அந்தக் காருக்குள் இருந்தபடி அமைதியை நான் கேட்டது அப்போதுதான். கொட்டிலுக்குள் வானொலி பாடிக்கொண்டிருந்தது. மாமரத்தில் கிளி கத்தியது. முள் கொஞ்சம் எழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நின்றது.

அப்பா இறங்கிப் பொனெட்டைத் திறந்துவிட்டு, விதிப்படி எட்டி நின்றார். சிப்பாய் உள்ளே பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, பாதியில் விட்ட கணக்கைத் தொடர்கிறவர் போல, வலது உள்ளங்கையை முழுதாக ரேடியேட்டரின் மேல் வைத்தார்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் நடந்துவிட்டது. சிப்பாய் மூச்சை உள்ளிழுத்துக் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர் துப்பாக்கியுடன் எழுந்தார். அப்பா ஓரடி எடுத்து வைத்தார். அந்த இடத்தில் அப்படி அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது நினைவு வந்து, இரண்டு கைகளும் தெரியும்படி நின்றுவிட்டார்.

"வத்துர," என்று மட்டும் சொன்னார். தண்ணீர்.

எவரும் இறங்கச் சொல்லாமலே அம்மா இறங்கியிருந்தார். இரண்டு போத்தல்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, எழுந்து நின்றவரின் துப்பாக்கியைக் கடந்து நேராக நடந்தார். சிப்பாயின் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கையைச் சுட்டுக்கொண்டால் எப்படிப் பிடிப்பாரோ அப்படியே, சற்றுக் கடுமையாகத்தான் பிடித்தார். உள்ளங்கையை மேலே திருப்பினார். ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு வரிசை அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது. போத்தலைத் திறந்து ஊற்றத் தொடங்கினார்.

"மெதுவா," என்றார் அப்பா, நின்ற இடத்திலிருந்தே. "நிப்பாட்டாம ஊத்து."

முதற் போத்தல் முடிந்தது. அம்மா அடுத்ததைத் திறந்தார். சிப்பாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அருகிலிருந்து பார்க்கையில் அவர் எங்கள் தோட்டத்துப் பெரிய வகுப்புப் பையன்களைவிட அதிகம் மூத்தவராகத் தெரியவில்லை.

"ரஸ்னெய்," என்றார். சூடு என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னார்.

அம்மாவின் சிங்களம் சந்தையில் கற்றது. அதில் அந்த வேளைக்குரிய சொல் எதுவும் இருக்கவில்லை போலும். தலையை மட்டும் அசைத்தார்.

துப்பாக்கியுடன் எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அப்பா பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்து, கேட்டுவிட்டு, மணல் மூட்டையின் மேல் வைத்தார். இளம் சிப்பாய் இடது கையால் தடையை உயர்த்தினார்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆவியில்லை. முள் நடுவுக்கு இறங்கி வந்தது. அப்பா அதை அம்மாவுக்குச் சுட்டிக் காட்டவில்லை, காட்ட வேண்டியிருக்கவில்லை.

நாலந்தா கடந்த பிறகு அம்மா வெறும் போத்தல்கள் இரண்டையும் மூடினார்.

"அக்கா வூட்டுல இது ரெண்டையும் ரொப்பணும்," என்றார்.

"இனி காருக்குத் தண்ணி வேண்டியதில்ல, ஸ்டெல்லா."

"காருக்கில்ல," என்றார் அம்மா. "திரும்பி வாறப்பவும் அந்தப் பையன் அங்கதானே நிப்பான்."